நூறு மீற்றரில் குறைந்த ஏழு மீற்றர்

உரும்பிராய்,
20.03.1994.

பெருமதிப்புக்குரிய அண்ணை அவர்களுக்கு,

தங்கை மீனாம்பிகை எழுதிக்கொள்வது. நானும் ஊரும் சுகமாக இருக்கிறோம் என்று முதல் வரியில் எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன். அது உண்மையா என்பதை முழுவதையும் வாசித்தபின் நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். அந்தக் குளிருக்குள் உங்களையும் மச்சாளையும் பிள்ளைகளையும் எங்கள் பிள்ளையார் காப்பாராக. விடைத்தாளின் வெறும் பக்கங்களில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையில் எழுதுதாள் இல்லை. என்னிடம் உள்ளவையும் இவ்வளவுதான், ஆகவே எழுதியதைக் கிழித்துத் திருப்பி எழுத முடியாது, எழுதியது எழுதியதுதான். கிளாலியில் படகேறிக் கொழும்புக்குப் போகிற எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் இதையும் தேசிக்காய் ஊறுகாய் ஒரு போத்தலையும் கொடுத்துவிடுகிறேன். இந்த வருஷம் எங்கள் வளவுத் தேசி கொப்பு முறியக் காய்த்திருக்கிறது. இக்கடிதத்தில் உள்ள ஒரே நல்ல செய்தி அதுதான். இனி மற்றவை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு விளையாட்டு விழாவை நீங்கள் மறந்திருப்பீர்கள். யோசனை சொல்கிறவர்கள் மறக்கலாம். செயலாளராகிய எனக்கு அந்த வசதி இல்லை. அந்த ஆடி மாதம், குடாநாட்டுப் பாடசாலைகளின் பெருவிளையாட்டு விழாவுக்கு வேறு வெளி கிடைக்காமல், எங்கள் வீட்டுக்குக் கிழக்கே தரிசாய்க் கிடந்த அப்பாவின் தோட்டக்காணியைக் கேட்டார்கள். நீங்கள் ரொறன்ரோவிலிருந்து ஓம் என்று எழுதினீர்கள். பதினெட்டுப் பாடசாலைகள், மூன்று நாள். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் இல்லாததால் விளையாட்டு ஆசிரியர் தேவராசா மாஸ்ரரின் தொண்டையே ஒலிபெருக்கி. நூறு மீற்றருக்குப் புறப்படும் கோடு கிழக்குப் பக்கம், அருளம்பலத்தாரின் வேலியிலிருந்து மூன்று எட்டு. முடிவுக் கோடு மேற்குப் பக்கம், எங்கள் வேலியிலிருந்து ஐந்து எட்டு. அந்தக் கோட்டுக்கும் எங்கள் வேலிக்கும் நடுவில் ஒரு சின்னத் தேசி மரம் நின்றது. அதன் நிழலில்தான் நடுவர்கள் இருந்தார்கள். ஒழுங்கைப் பக்கம் சனம் உள்ளே வராமல், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து அந்த ஒழுங்கையில் கொட்டில் போட்டிருக்கும் லூர்த்தம்மா தன் புருஷனின் கடற்றொழிற் கயிற்றைத் தந்தாள். அருளம்பலத்தாரின் வேலி மூலைக் கதியாலிலிருந்து எங்கள் மூலைக் கதியால் வரை அது அளந்து வெட்டியதுபோல வந்தது. நடுவில் சிவப்புத் துணி கட்டி, துணிக்கு நேர் கீழே விழாவின் நினைவுக்கல்லை நட்டார்கள். நாலு பேர் தூக்கிய கல். இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன் என்று பிறகு விளங்கும்.

விழா முடிந்தது. அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. எங்கோ ஒரு நகரத்தில் பெரிய விளையாட்டு விழா முடிந்தபின் மைதானத்தைச் சுற்றியிருந்த சனங்களிடமே அதை ஒப்படைத்தார்களாம், அவர்கள் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்களாம் என்று எதிலோ வாசித்துவிட்டு, எட்டுப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினீர்கள். விழா போனாலும் அதன் பயன் ஊரில் நிற்க வேண்டும், ஊர்ச் சனம் பார்வையாளராக இராமல் பங்கெடுக்க வேண்டும், அந்தந்தப் பக்கத்து வேலியை அந்தந்த வீட்டுக்காரரே பொறுப்பேற்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'வேலி நாள்' வைத்து நல்ல வேலிக்குப் பரிசு கொடுக்க வேண்டும். நான் அப்போதே எழுதினேன்: அண்ணை, எங்கள் பக்கத்தில் காணியையும் பங்கையும் ஒரே வசனத்தில் சொன்னால் சனம் முதலில் எல்லை அளக்கிற நூற்பந்தைத்தான் எடுக்கும் என்று. 'நீ எதையும் நம்பமாட்டாய், பேராதனைக் கம்பசில் உனக்குக் கற்பித்தது அவநம்பிக்கை ஒன்றுதான்' என்று பதில் வந்தது. கூடவே என்னைச் செயலாளராக நியமித்த செய்தியும் வந்தது. ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் இருவர் வேலிக்காரர் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

உங்கள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதற்காக எழுதுகிறேன். அங்கே வேலி என்றால் பலகையும் ஆணியுமாக இருக்கும். இங்கே வேலிக்கு உயிர் உண்டு. பூவரசிலும் கிளுவையிலும் வெட்டி நடுகிற கதியால் தளிர்க்கும், வேர் விடும், சிலவேளை பட்டும்போகும். பட்டுப்போனால் புதிது நட வேண்டும். புதியதைப் பழைய கிடங்கில் நட்டால் பிடிக்காது, ஒரு சாண் தள்ளித்தான் நட வேண்டும் என்பது இந்த ஊரின் தாவரவியல். எந்தப் பக்கம் தள்ளுவது என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. முந்தி வருஷத்துக்கு ஒருமுறை வேலி அடைத்தபோது இந்தத் தாவரவியலும் வருஷத்துக்கு ஒருமுறைதான் வேலை செய்தது. உங்கள் புண்ணியத்தில் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பரிசாக வாசனைச் சவர்க்காரம் ஒன்று. சவர்க்காரம் கண்ணால் காணக் கிடைக்காத ஊரில், பனங்காயை உரசித் துணி தோய்க்கிற நேரத்தில், அந்தப் பரிசுக்காக அருளம்பலத்தார் வருஷத்தில் நாலு முறை அல்ல, நாற்பது முறையும் வேலி அடைத்திருப்பார். இதுவரை ஆறு வேலி நாள்கள். அவருக்கு இரண்டு முறை முதற்பரிசு கொடுத்தவள் நானே. புத்தம் புதிய கதியால், நூல் பிடித்த நேர். பார்க்க உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது. எங்கள் வேலியைச் செயலாளரின் வேலி என்பதால் போட்டியில் சேர்க்கவில்லை. கூலிக்கு வேலி அடைக்கிற செல்வநாயகம் வந்து வேலை செய்யும்போது நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டு, யன்னலால் "நேராய் அடையுங்கோ" என்று சொன்னதோடு சரி.

தெற்குப் பக்கம் இரத்தினம்மா அக்கா. அவவின் வேலி ஆறு முறையும் உள்ளே வந்து, ஆறு ஓட்டப்பாதைகளில் இரண்டை விழுங்கிவிட்டது. அதுவும் போதாமல் மிஞ்சிய நாலில் ஒன்றில் ஆட்டுக்கொட்டில் எழும்பியிருக்கிறது. போன மாசம் பிள்ளைகள் முடிவுக் கோட்டில் கட்டிய நூலை மறியாடு ஒன்று ஓட்டம் தொடங்க முன்னரே தின்றுவிட்டது. நான் போய்க் கேட்டேன்.

"அக்கா, மைதானத்துக்குள்ளை கொட்டில் போடலாமே?"

"கொண்ணர் தானே எழுதினவர், சனம் எல்லாரும் மைதானத்தைப் பாவிக்க வேணும் எண்டு. என்ரை ஆடு சனமில்லையே?"

"ஓட்டப்பாதை அக்கா உது."

"அதுதான் பிள்ளை சொல்லுறன். ஆடும் ஓடுறதுதானே."

இதற்குமேல் என்ன கதைப்பது?

அகலம் குறைந்ததைக் கண் கண்டது. நீளம் குறைந்ததை ஒருவரும் காணவில்லை. காரணம் எங்கள் தேவராசா மாஸ்ரர். அவருடைய பிள்ளைகள் ஒவ்வொரு வேலி நாளுக்குப் பிறகும் வேகமாகிக்கொண்டு போனார்கள். லூர்த்தம்மாவின் மகள் யசிந்தா, பத்தாம் வகுப்பு, காலில் செருப்பில்லாமல் ஓடுகிறவள், முதல் வேலி நாளுக்கு முன் நூறு மீற்றரைப் பதினாலு தசம் இரண்டு செக்கனில் ஓடினாள். பிறகு பதினாலு. பிறகு பதின்மூன்று தசம் எட்டு. இந்த மாசம் பதின்மூன்று. மாஸ்ரர் இதற்குத் தன் பயிற்சி முறையையும் விடிய ஊட்டுகிற ஒடியற்கூழையும் காரணம் சொல்லி, 'உரும்பிராய் மண்ணின் அதிசயம்' என்று பத்திரிகைக்கு ஒரு கட்டுரையும் அனுப்பினார். அடுத்த மாசம் நடக்கும் குடாநாட்டுப் போட்டிக்கு யசிந்தாவின் பெயரைப் பதின்மூன்று செக்கன் என்று எழுதிக் கொடுத்தும்விட்டார். ஐம்பத்தொரு வயதில், அந்த வயிற்றோடு, தானும் பதினெட்டுச் செக்கனில் ஓடிக் காட்டினார். அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

மாஸ்ரரின் பதிவுக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பயிற்சிக்கே வராத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் நூற்றுக்கு ஏழு வீதம் வேகமாகியிருந்தார்கள். சுகவீனமாய்க் கிடந்து எழும்பியவளும் ஏழு வீதம். மாஸ்ரரும் ஏழு வீதம். மனிதக் கால்கள் இப்படி ஒற்றுமையாக முன்னேறுவதில்லை. நூறில் ஏழு மீற்றர் போய்விட்டது, அதாவது ஏறக்குறைய இருபத்துமூன்று அடி. இந்த வீதத்தில் இன்னும் இருபது வருஷத்தில் புறப்படும் கோடும் முடிவுக் கோடும் ஒன்றாகி, எங்கள் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே வெற்றி பெறுவார்கள்.

"மாஸ்ரர், நூறு மீற்றரைக் கடைசியாய் எப்ப அளந்தனீங்கள்?"

"என்ன கேள்வி ரீச்சர் உது? விழாவுக்கு அளந்ததுதானே. அந்த வேலியிலையிருந்து மூண்டு எட்டு, இந்த வேலியிலையிருந்து அஞ்சு எட்டு. வேலி என்ன எழும்பி நடந்தே போகும்?"

"எங்கடை ஊரிலை நடக்கும்."

"கணக்கைக் கொண்டுவந்து பிள்ளையளின்ரை காலுக்குக் குறுக்கை போடாதேங்கோ ரீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கூழ்ப்பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் லூர்த்தம்மாவிடம் போனேன். அவளுக்குக் கணக்கை விளங்கப்படுத்த இரண்டு நிமிஷம்தான் எடுத்தது, மாஸ்ரரைவிட விரைவு. கேட்டு முடித்ததும் சொன்னாள்:

"ரீச்சர், நீங்கள் படிச்ச ஆக்கள், ஆரோடையும் சண்டை பிடியுங்கோ. என்ரை பிள்ளை அங்கை போய், பதின்மூண்டு எண்டு எழுதிக் குடுத்துப்போட்டுப் பதினாலிலை வந்து நிண்டால் என்ன சொல்லுவினம்? குருநகர் அகதிப் பெட்டை கள்ள நேரம் குடுத்து வந்தவள் எண்டுதான் சொல்லுவினம். வேலியை உள்ளுக்கை அரக்கினவையின்ரை பேர் அங்கை ஒருத்தருக்கும் தெரியாது. ஓடினவளின்ரை பேர்தான் தெரியும்."

அவள் எழும்பிப் போய்க் கொட்டிலின் கூரை வளையில் சுற்றி வைத்திருந்த அதே கயிற்றை எடுத்து வந்தாள். சிவப்புத் துணி நிறம் மங்கியிருந்தாலும் கட்டு அவிழவில்லை. "கடலிலை வேலி இல்லை ரீச்சர். அதாலை உங்கடை ஆக்களின்ரை வித்தை எங்களுக்குத் தெரியேல்லை" என்றாள்.

துணியை நினைவுக்கல்லில் பிடித்துக்கொண்டு கிழக்கே இழுத்தோம். அருளம்பலத்தாரின் மூலைக் கதியாலுக்கு வந்தபின்னும் கையில் ஒன்பது அடி கயிறு மிச்சம். அவர் வெங்காயப் பாத்தியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறு பொய் சொல்லும் தங்கச்சி. மழைக்கு நீளும், வெயிலுக்குச் சுருங்கும்."

"இது நைலோன் அண்ணை" என்றாள் லூர்த்தம்மா. "நனைஞ்சாலும் காய்ஞ்சாலும் ஒரே நீளம். உங்கடை வேலியைப் போலை மாசத்துக்கு மாசம் வளராது."

"நானே களவெடுத்தன்? கதியால் பட்டுப்போச்சு, புதுசு வைச்சனான். பழைய கிடங்கிலை பிடிக்குமே? பிழையெண்டால் உந்த ரீச்சர் ஏன் ரெண்டு தரம் முதற்பரிசு தந்தவ?"

சவர்க்காரங்கள் கரைந்துவிட்டதால் திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

அண்ணை, ஒன்பது அடி நிரூபணமாகிவிட்டது. மிச்சம் பதினாலு அடி எங்கே போனது என்று இரண்டு நாளாக யோசித்தேன். மேற்கே இருப்பது எங்கள் வேலி. அதை அளக்க வேண்டிய தேவை எழவில்லை. ஆகவே கணக்கின்படி ஒரு விடைதான் உண்டு: அருளம்பலத்தார் வேலியை இருபத்துமூன்று அடி நகர்த்திவிட்டு, அது தெரியாமல் இருக்க நினைவுக்கல்லையும் எங்கள் பக்கமாகப் பதினாலு அடி நகர்த்தியிருக்கிறார். நாலு பேர் தூக்கிய கல்தான். ஆனால் வெங்காய மூட்டை காவிப் பழகிய உடம்புக்கு அது ஒரு பொருட்டில்லை. விழாவின் நினைவுக்கல்லையே அரக்குகிற ஊரில் விழாவின் பயன் எங்கே நிற்கப் போகிறது? இதைத்தான் சனங்களைப் பங்கெடுக்க வைப்பது என்று எழுதினீர்களா? அவர்கள் பங்கெடுத்தார்கள். முழுவதையும் எடுக்கு முன் நிறுத்த வேண்டும்.

ஆகையால் காணிக்காரர் என்ற முறையில் நீங்கள் உடனே ஒரு கடிதம் எழுத வேண்டும். வேலிகளைப் பின்னுக்கு எடுக்காவிட்டால் காணியைத் திருப்பி எடுப்போம் என்று கண்டிப்பாக எழுதுங்கள். குற்றவாளிகளைப் பெயர் சொல்லி, எடுத்த அடிக்கணக்கு வரிசையில், கூட எடுத்தவரை முதலாவதாகப் போட்டு எழுதுங்கள். ஊர்க்கூட்டத்தில் உரத்து வாசிக்கிறேன். அதோடு என் செயலாளர் பதவியையும் இக்கடிதத்தின் மூலம் துறக்கிறேன். பேராதனை கற்பித்த அவநம்பிக்கை சரியாகத்தான் வேலை செய்தது என்பதைத் தயவுடன் ஏற்றுக்கொள்ளவும்.

மச்சாளுக்கு என் அன்பு. பிள்ளைகள் தமிழ் மறவாதிருக்கவும், அங்கே காணி வாங்கினால் அளந்து வாங்கவும் ஆசீர்வதிக்கிறேன். உங்கள் முழங்கால் வருத்தம் தீர இணுவில் கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனை செய்வித்தேன்.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள (கோபமுமுள்ள) தங்கை,
மீனாம்பிகை.

பின்குறிப்பு, 23.03.1994:

இதைக் கொண்டுபோக வேண்டிய ஆசிரியரின் பயணம் மூன்று நாள் பிந்திவிட்டது. பிந்தாமல் இருந்திருந்தால் எனக்கு நல்லது. மேலே எழுதியதைக் கிழிக்கத் தாள் இல்லை என்று முன்னமே சொல்லிவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் மாஸ்ரர், அருளம்பலத்தார், இரத்தினம்மா அக்கா எல்லோரையும் கூப்பிட்டு, கல் நகர்ந்த குற்றச்சாட்டை முறைப்படி சொன்னேன். அருளம்பலத்தார் கோபிக்கவில்லை. அடியோடு பாசி பிடித்திருந்த கல்லை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"தங்கச்சி, கயிறு கிடக்குத்தானே. மற்றப் பக்கமும் ஒருக்காப் பிடிச்சுப் பாப்பமே?"

லூர்த்தம்மா மேற்கே இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் மூலைக் கதியால் வந்தது. அவள் நிற்கவில்லை. படலையைத் திறந்து உள்ளே போனாள். தேசி மரத்தைத் தாண்டித்தான் கயிறு முடிந்தது. பதினாலு அடி. கணக்கில் மட்டும் நான் பிழை விடவில்லை.

"எட, தேசி மரம் தானாய் நடந்து உள்ளுக்கை போயிட்டுது!" என்றா இரத்தினம்மா அக்கா. "என்ரை ஆட்டை மட்டும் குறை சொன்னியள்."

"விழாவண்டு இந்த மரத்துக்குக் கீழை வைச்சுத்தான் ரீச்சர் எனக்குத் தண்ணி தந்தனீங்கள்" என்றாள் யசிந்தா. குத்தலுக்குச் சொல்லவில்லை, நன்றியாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

செல்வநாயகத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்கள்தானே ரீச்சர் ஒவ்வொருமுறையும் நேராய் எண்டு சொன்னியள். உங்கடை வேலி வளைஞ்ச வேலி. வெளியாலை தள்ளி நிண்ட கதியாலைப் பிடிச்சுத்தான் நேராக்கினனான். பிறகு புதுக் கதியாலிலை ஒண்டு கொஞ்சம் வெளியாலை விலகி நிக்கும். அதைப் பிடிச்சு அடுத்தமுறை." ஆறு முறை நான் அந்த யன்னலில் இருந்தேன், அண்ணை. ஆறு முறையும் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. வளவு பெருத்ததையும் தேசி காய்த்ததையும் மட்டும் கண்டேன்.

எங்கள் வேலியை அந்த இடத்திலேயே பிரிக்கச் சொன்னேன். அதன்பின் அருளம்பலத்தாருக்குச் சொல்ல நியாயம் இருக்கவில்லை; இன்று விடிய ஒன்பது அடியையும் விட்டார். கிண்டிய வெங்காயத்தில் ஒரு பிடியை என் கையில் தந்து, "கூட எடுத்தவைக்கு" என்றார். ஆடு குட்டி போடும்வரை கொட்டிலுக்குத் தவணை கேட்டா இரத்தினம்மா அக்கா. கொடுத்தேன். தவணை மறுக்கிற தகுதி என்னிடம் இப்போது இல்லை.

பிறகு கயிற்றையும் அளவுநாடாவையும் வைத்து முழு நூறு மீற்றரையும் அளந்து யசிந்தாவை ஓடவிட்டோம். நிறுத்தற் கடிகாரத்தை மாஸ்ரரிடம் கொடுக்காமல் லூர்த்தம்மாவே பிடித்துக்கொண்டாள். பதின்மூன்று தசம் ஒன்பது. பதினாலு தசம் இரண்டிலிருந்து குறைந்ததாய் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பத்திலொரு செக்கன்களில் மூன்று அவளுடையது, மிச்சம் ஒன்பதும் எங்கள் வேலிகளுடையது. பழைய நேரத்தை வெட்டிப் புதியதை எழுதிப் போட்டிக் குழுவுக்கு மாஸ்ரர் அனுப்பிவிட்டார்; அனுப்பும்வரை நான் பக்கத்தில் நின்றேன். "பதின்மூண்டு தசம் ஒம்பது" என்று லூர்த்தம்மா இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது ஆரும் கேட்டாலும் சொல்லலாம்" என்றாள்.

ஆகவே நான் கேட்ட கடிதத்தை எழுத வேண்டாம். நான் சொன்ன வரிசையில் எழுதினால் முதலாவது பெயர் மீனாம்பிகை என்று வரும், அதை நானே உரத்து வாசிக்க வேண்டிவரும். பதவி விலகலையும் ஒருவரும் ஏற்கவில்லை. "வேலி அரக்கத் தெரிஞ்ச ஆள்தான் மற்றவையைக் கண்டுபிடிக்கும்" என்று அருளம்பலத்தார் முன்மொழிந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஊறுகாய்ப் போத்தலை வீட்டில் வைத்துத் தனியே சாப்பிடாதீர்கள். அங்கே எங்கள் ஊராட்கள் கூடுகிற இடத்துக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் பங்கிடுங்கள். அது மைதானத்துத் தேசிக்காய்.